மிதி ரம்பம் ஆடுகிறது

கிளியின் தலை தெறித்து, அடுக்களை வாசலைத் தாண்டி, மங்களேஸ்வரி கொதிக்கவைத்திருந்த புளிக்குழம்பில் போய் விழுந்தது. கிளி மேல் குற்றமில்லை. ரம்பத் தகட்டின் பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி மாட்டியவன் நான். மிதித்ததும் அது பலகையைத் தூக்கித் தூக்கி அடித்தது. அந்த அடியில் தேக்குக் கிளிக்குக் கழுத்தோடு போயிற்று.

என் மனைவி கரண்டியால் தலையை எடுத்துக் கழுவி, என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இதைவிடச் சின்னக் குற்றத்துக்கெல்லாம் என் வம்சத்தையே இழுத்து வெயிலில் காயப்போடுகிறவள் அவள்.

குற்றாலத்துப் பங்களாவைக் காலி செய்துவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையின் சாமான்கள் அந்த வருஷம் ஏலத்துக்கு வந்தன. நான் தென்காசியில் வக்கீல் குமாஸ்தா. நாற்காலி எடுக்கப் போனவன் இந்த ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். தையல் மிஷின் மாதிரிக் காலால் மிதிக்க வேண்டும். இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவே நூல் போன்ற தகடு ஏறி இறங்கும். பலகையில் கொடி, பூ, கிளி எல்லாம் வெட்டலாம், வெட்டத் தெரிந்தவர்கள்.

நான் செய்துகொண்டிருந்தது தொட்டில். பிள்ளை பிறக்குமுன் தொட்டில் செய்யக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆகவே அதற்குக் 'கண்ணாடிச் சட்டம்' என்று பெயர் வைத்திருந்தேன். பெயரை மாற்றி விதியை ஏமாற்ற வக்கீல் குமாஸ்தாவுக்கா சொல்லித்தர வேண்டும்?

மங்களத்துக்கு ஏழாம் மாதம். போன தடவையும் ஏழாம் மாதத்தில்தான் அது வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போயிற்று. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் நான் வேறு எதையாவது வேடிக்கையாகப் பேசுவேன். சும்மா இருந்தால் நாள் எண்ணத் தொடங்கிவிடுவேன். அதனால்தான் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

தகட்டைத் திருப்பி மாட்டினேன். இப்போது பட்டென்று அறுந்தது. இன்னொன்று மாட்டினேன், அதுவும் அறுந்தது. செங்கோட்டை ரோட்டு மர அறுவை ஆலையில் பிட்டராக இருக்கும் யாக்கூப்பைக் கூட்டிவந்தேன்.

"நீரு முறுக்குத முறுக்குல யானைச் சங்கிலியே அறுந்துரும் வே," என்றார் அவர். "தகட்டைச் சுண்டினா ணங்குன்னு கேக்கணும், அம்புட்டுதான். பொறவு, மிசினு என்ன இந்த ஆட்டம் ஆடுது? அதோட காலைச் சுவத்தோட சேத்து முடுக்கும்."

போகும்போது பலகையைப் பார்த்தார். "இது என்னது?"

"கண்ணாடிச் சட்டம்."

"இம்புட்டுப் பெரிய கண்ணாடியில மூஞ்சி பாக்கப்போறது யாருவே, கோயில் யானையா?" என்றார். அடுத்த அறையில் மங்களம் இருமியது கேட்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "நல்லாருக்கு. செய்யும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சுவரோடு சேர்த்து முடுக்கினேன். ஆட்டம் பாதி அடங்கியது. மீதிப் பாதி சுவருக்குள் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம்தான் மங்களத்தின் கட்டில். அவளுடைய மாடக்குழியில் அடுக்கியிருந்த டம்ளர்கள் நான் மிதிக்கும்போதெல்லாம் கிணுகிணுத்தன. எனக்கு அது ஜலதரங்கம் மாதிரி இருந்தது.

பிறகுதான் அந்த விசித்திரம் தொடங்கியது. கோர்ட்டுக் கச்சேரியிலிருந்து வந்து உட்கார்ந்தால் தகடு தொளதொளவென்று கிடக்கும். கவனிக்காமல் மிதித்தால் கோடு ஒரு பக்கமும் ரம்பம் ஒரு பக்கமும் போகும். முடுக்கிவிட்டுப் படுத்தாலும் மறுநாள் மறுபடி தொளதொள. சாரல் மாதம், ஈரத்தில் இரும்பு இளகுகிறது என்று நானே ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தேன். எண்ணெய் போட்டேன். கம்பளி போர்த்தினேன். ரம்பத்துக்கு ஜலதோஷம் பிடிக்கவில்லை; தகடு மட்டும் தளர்ந்துகொண்டே இருந்தது.

யாக்கூப்பிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சுவத்தோட முடுக்கின மிசின்ல திருகு தானா திரும்புமாவே? கை பட்டாத்தான் திரும்பும். இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது. உம்ம வீடு."

அன்று மத்தியானமே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். சாரலில் மலை மறைந்து கிடந்தது. மங்களம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உள்ளங்கை வயிற்றின் மேல் இருந்தது. கண் மூடியிருந்தது, தூங்கவில்லை.

"ஏட்டி மங்களம், மிசின நீதான் தளத்துதியா?"

"எனக்கு என்ன சோலி அதுகிட்ட?"

"தொட்டில்னு தெரிஞ்சுபோச்சா? அந்தக் கோவமா? பலகையை அடுப்புல வச்சிருதேன். கண்ணாடிச் சட்டம்னு சொன்னா எமனுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சொல்வதற்கு வேடிக்கையாக ஒன்றும் வரவில்லை. "என்னட்டி? சொல்லு," என்றேன்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு சொல்லாத."

அவள் கையை எடுக்காமலே கண்ணைத் திறந்தாள்.

"தொட்டில் கெடக்கட்டும். போன தடவ அது எப்பம் அடங்குச்சுன்னே எனக்குத் தெரியாது. மாவாட்டிக்கிட்டு இருந்தேனா, துணி தொவச்சுக்கிட்டு இருந்தேனா, தெரியாது. இந்தத் தடவ எனக்குத் தெரியணும். நீங்க மிதிச்சா சுவரு அதிருது, கட்டிலு அதிருது, என் வயிறும் அதிருது. உள்ள அசையுதது புள்ளையா, உங்க மிசினான்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. அதான் தளத்தினேன். நீங்க திருப்பி முடுக்குத நேரமாவது புள்ள அசையுதான்னு பாக்க எனக்குக் கெடைக்கும்லா."