தனி ஜாடி

ஜானகிராமன் குமாஸ்தாவாக இருந்த பிரெஞ்சு வக்கீல் கப்பலேறிப் போகும்போது, தான் தங்கமீன் வளர்த்த கண்ணாடித் தொட்டியை மீன்களோடு அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். புது மீன் வாங்கினால் சில வாரம் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும், நோய் இருந்தால் தொட்டியே காலியாகிவிடும் என்றும் சொல்லியிருந்தார்.

உப்பளம் பகுதியில் இருந்த தன் வீட்டுக் கூடத்தில் தொட்டியை வைத்தான். மனைவி அஞ்சலாட்சி மீன்களுக்குத் தீனி போடுவாள். அதிகம் பேசமாட்டாள். முந்தைய கோடையில் மகள் சின்னப்பாப்பாவுக்கு அம்மை போட்டபோது அஞ்சலாட்சி கர்ப்பமாக இருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று மகளைப் பின்கட்டு அறையில் வைத்து ஜானகிராமனே பார்த்துக்கொண்டான். "அம்மா, உள்ள வாம்மா" என்று கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள் சின்னப்பாப்பா. கடைசிவரை அவன் அஞ்சலாட்சியை உள்ளே விடவில்லை. மகள் போனாள், வயிற்றில் இருந்ததும் தங்கவில்லை.

இப்போது மெட்ராசிலிருந்து ஒரு தங்கமீன் வாங்கி வந்தான். வக்கீல் சொன்னபடி தனி ஜாடியில் விட்டு, வெயில் படாத இடம் என்று அதே பின்கட்டு அறையில் வைத்தான். எந்த அறை என்பது வைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மாற்றினால் அஞ்சலாட்சிக்கு ஞாபகப்படுத்தினதாகிவிடும் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் அஞ்சலாட்சி சொன்னாள்: "தட்டுற சத்தம் கேக்குதுங்க."

"மீனு ஜாடியில முட்டுது. வேற என்ன?"

அவள் அடுக்களைக்குப் போனாள். சோறு வடிக்கும்போதும் கையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே காது கொடுத்தாள். ஜானகிராமனுக்கும் கேட்டது. சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் கோர்ட்டுக் கச்சேரி விட்டு வந்தவன், அவள் இரண்டு கையாலும் ஜாடியைத் தூக்கிக்கொண்டு தொட்டியருகே நிற்பதைப் பார்த்தான். மீனின் உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"அம்மை முத்து போட்டிருக்குது, பாருங்க. தனியாக் கெடக்குது. கூப்பிட்டுக்கிட்டே இருக்குது."

"ஊத்திடாத! எல்லாம் செத்துப்போயிடும்."

"அன்னிக்கும் இதத்தான சொன்னீங்க?"

ஜானகிராமனுக்குக் கை நீளவில்லை. ஜாடியைப் பிடுங்கினால் அவள் உடைந்துவிடுவாள் என்று தோன்றியது.

"மீனு ஜாடியிலயே இருக்கட்டும்," என்றான் மெல்ல. "நீ அந்த ரூமுக்குள்ள கொண்டுபோயி அது பக்கத்துல உக்காரு. இப்ப யாரும் உன்னத் தடுக்கல."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு ஜாடியை அணைத்தபடி அந்த அறைக்குள் போனாள். மகள் போன பிறகு அவள் அங்கே உட்கார்ந்தது அன்றுதான்.

புள்ளி நோய்க்கு மருந்தாக ஜாடித் தண்ணீரில் விட அவன் கல்லுப்பைக் கரைத்துக் கொடுத்தான். தினமும் பாதித் தண்ணீரை மாற்றினாள். மத்தியானங்களில் ஜாடியருகே படுத்து ஏதோ பேசினாள். ஒருமுறை, "அம்மா இங்கதான் இருக்கேன்டி," என்றது வெளியே கேட்டது. ஜானகிராமன் எழுந்து தெருப்பக்கம் போய்விட்டான்.

புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மீன் பிழைத்தது. இன்னும் சில வாரம் பொறுத்திருந்து, அவளே அதைத் தொட்டியில் விட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றி மற்ற மீன்களோடு கலந்தது.

"எதுங்க அது?" என்றாள் கொஞ்சநேரம் கழித்து.

அவன் குனிந்து தேடினான். எல்லாம் ஒரே சிவப்பு.

"தெரியலியே."

பின்கட்டு அறையில் அதன்பிறகு எந்தச் சத்தமும் இல்லை. அஞ்சலாட்சி மட்டும் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, கேட்டுக்கொண்டே இருந்தாள்.