பதினேழாம் சுருளின் துண்டு

சோதனை அறையில் பதினேழாம் சுருளின் துண்டை இயந்திரம் நீளவாக்கில் இழுத்த செவ்வாய்க்கிழமை, மூன்று தெரு தள்ளி அவளுடைய அத்தான் இரண்டு விரற்கடை உயர்ந்தார். சுவருக்கு வண்ணம் அடிப்பவர். குடலிறக்கத்துக்காக வயிற்றுக்குள் கையளவு வலை வைத்துத் தைத்து நாலு மாதம் ஆகியிருந்தது. வலை அவள் வேலை செய்யும் ஆலையில் பின்னிய பதினேழாம் சுருளில் வெட்டியது. அந்தச் சுருளைச் சோதித்துக் கையெழுத்திட்டவளும் அவள்தான்.

"இனி ஏணியே வேண்டாம் மச்சினி. இன்னும் ரெண்டு விரல் இழுத்து விடு, உத்தரத்தையும் எட்டிடுவேன்" என்றார் அத்தான். அவள் சிரிக்கவில்லை. பின்னல் நெசவு போலல்ல. ஒரு கண்ணியின் கழுத்தில் இன்னொரு கண்ணி தொங்குகிறது. அந்த வலை நீளத்தில் கொஞ்சம்தான் நெகிழ்ந்து கொடுக்கும், அகலத்தில் தாராளமாகக் கொடுக்கும். புதன்கிழமை அகலவாக்கில் இழுத்தாள். அதே நிமிடம் அத்தானின் சட்டைப் பொத்தான்கள் மூன்று தெறித்தன; ஒன்று பால் பாத்திரத்தில் விழுந்ததாக அக்கா சொன்னாள். விசையைத் தளர்த்தியதும் துண்டு சுருங்கியது, ஆனால் பழைய அளவுக்கு வரவில்லை. அத்தானும் வரவில்லை. அக்கா அவருடைய கால்சட்டைகளின் மடிப்பைப் பிரித்துவிட்டாள்.

ஆலையின் விதி எளியது. ஒவ்வொரு சுருளிலும் ஒரு துண்டை எடுத்துப் பெட்டியில் வைப்பார்கள். சுருள் பின்னிய ஆறாம் மாதம் இழுத்துப் பார்ப்பார்கள். ஆண்டு முடிந்த அன்று அறும்வரை இழுப்பார்கள். அதுவரை பதினாறு துண்டுகளை அவள் அறுத்திருந்தாள். ஒரு சுருளில் அறுபது வலை வெட்டலாம். அவை யார் யார் வயிற்றுக்குள் போயின என்று அவள் கேட்டதில்லை.

மருத்துவரிடம் போனார்கள். சதை வலையின் துளை வழியே வளர்ந்து அந்தப் பக்கம் கைகோத்துவிட்டது, இனி வலையை எடுப்பதென்றால் வயிற்றையே எடுக்க வேண்டும் என்றார்.

"நீ இழுக்காம இருந்துடேன்டி" என்றாள் அக்கா.

"நான் இழுக்கலன்னா வேற ஆள் இழுப்பாங்கக்கா."

அக்கா ஊசியில் நூல் கோத்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பெட்டியில வேற துண்டே இல்லையா?"

ஆண்டு முடிந்த அன்று அவள் பதினேழாம் துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பதினெட்டாம் துண்டை இயந்திரத்தில் பூட்டினாள். நடுக் கண்ணி ஒன்று முதலில் அறுந்தது. மற்றவை அதன் பின்னே ஓடின. பதிவேட்டில் பதினேழுக்கு நேராக 'அறுந்தது' என்று எழுதினாள். அத்தான் வீட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டுக்கொண்டிருந்தார். சந்தைத் தெருவில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் வயிற்றிலிருந்து மேல்நோக்கி, கண்ணி கண்ணியாகப் பிரிந்தார். ரத்தம் வரவில்லை. நாற்காலியில் வெள்ளை நூல் குவிந்திருந்தது. கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி அதன் மேல் இருந்தது. அவருடைய மனைவி நூலைப் பந்தாகச் சுற்றி எடுத்துப்போனாள். பதினெட்டின் மற்ற ஐம்பத்தொன்பது பேர் வெளியூர்.

பதினெட்டாம் சுருளின் நாள் வந்தபோது அதற்குத் துண்டு இல்லை. பத்தொன்பதை எடுக்க வேண்டியிருந்தது. முந்தைய நாள் மாலை அக்கா ஒன்று மட்டும் கேட்டாள்.

"பத்தொன்பது எந்த ஊர்ப் பக்கம் போச்சு?"

"தெரியாதுக்கா."

"அப்பச் சரி" என்றாள் அக்கா, அத்தானின் நீளக் கால்சட்டையை மடித்துக்கொண்டே. பதினேழாம் துண்டு அக்கா வீட்டு அலமாரியின் மேல்தட்டில், யாருடைய கையும் படாத இடத்தில் இருந்தது. அத்தான் மட்டும் எட்டுவார், தொடக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள்.