தொட்டும் தொடாமலும் ஒரு மொட்டை மாடி

ராணுவ ஹெலிகாப்டர் படையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘பிரேக்’. சும்மா வைத்த பெயரில்லை. அவள் அப்பா டவுன் பஸ் டிரைவர். மகள் பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு டிப்போவுக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் அவளுக்குப் பஸ் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டார். அந்தப் பழக்கம்தான் பயிற்சிக் காலத்தில் வினையாக வந்து முளைத்தது. ஹெலிகாப்டரிலும் காலடியில் இரண்டு பெடல்கள் உண்டு. ஆனால் அவை நிறுத்துவதற்கு இல்லை, மூக்கை இடமோ வலமோ திருப்புவதற்கு. தரைக்கு மேல் ஆளுயரத்தில் மிதந்துகொண்டிருந்த வண்டி மெல்ல முன்னால் நகரவும், இவள் பதறிப்போய் வலது காலை ஓங்கி மிதித்தாள். வண்டி நிற்குமா? பம்பரம் மாதிரி ஒரு சுற்று சுற்றியது.

பயிற்சியாளர் வண்டியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு, “இங்க எந்த ஸ்டாப்பிங்மா வந்துச்சு? பிரேக் போடுறே!” என்று கத்தினார். ரேடியோ திறந்திருந்ததால் அது பயிற்சி மைதானம் முழுக்கக் கேட்டது. அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். சாயங்காலங்களில் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, இல்லாத பெடல்களைக் காலால் தடவித் தடவிப் பழகினாள். “என்னடி, கால்ல எறும்பா?” என்று அறைத்தோழி கேட்டதற்கும் கண்ணைத் திறக்கவில்லை. முதல்முறை தனியாகப் பறந்து இறங்கிய அன்று, படையின் வழக்கப்படி கூட்டாளிகள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். பிறகு மலைமேல் காவல் முகாம்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், தபால். அங்கிருந்து திரும்பும்போது காய்ச்சலில் விழுந்த சிப்பாய்கள். இரண்டாம் பைலட்டாக இப்படி ஓடியாடி, ஒருவழியாகக் கேப்டன் ஆனாள்.

“கேப்டன்னா என்னம்மா?” என்று அப்பா போனில் கேட்டார்.

“வண்டிக்கு என்ன ஆனாலும் நான்தான் பொறுப்புன்னு அர்த்தம்ப்பா.”

“கண்டக்டர் உண்டா?”

“மெக்கானிக் அண்ணன் இருக்காரே. ஆளை ஏத்துறது இறக்குறது எல்லாம் அவர்தான்.”

“அப்பச் சரி.”

கேப்டனான கொஞ்ச நாளிலேயே மழை பிடித்துக்கொண்டது. விட்ட பாடில்லை. ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தது.

கமாண்டர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் வரைபடம், அதன்மேல் ஆறிப்போன டீ.

“ஆஸ்பத்திரியில கீழ்த்தளம் முழுக்கத் தண்ணி. எல்லாரும் மொட்டை மாடியில நிக்கிறாங்க. அதுல ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலி, குழந்தை குறுக்கே கிடக்காம். உடனே அறுக்கணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. ஆபரேஷன் அறை தண்ணிக்குள்ள. இந்த இழுப்புல படகும் நிக்கல.”

“கயிறு போட்டுத் தூக்கிடலாமா சார்?”

“தூக்குற மிஷின் இருக்கிற வண்டி வேற பக்கம் போயிருக்கு. உன் வண்டியில அது கிடையாது. இறங்கித்தான் ஏத்தணும். ஆனா மாடி பழசு, ஹெலிகாப்டர் பாரத்தைத் தாங்காதுன்னு இன்ஜினியர் சொல்றார்.” டீயை நகர்த்திவிட்டு வரைபடத்தை அவள் பக்கம் திருப்பினார். “பாரும்மா, முடியலைன்னா திரும்பி வா. திரும்பி வர்றது ஒண்ணும் கேவலம் இல்ல.”

“பார்த்துட்டு வர்றேன் சார்” என்றாள்.

பக்கத்து இருக்கையில் அவளோடு பயிற்சி முடித்தவன். கழுத்து நீளத்தால் ‘நாரை’ என்று பெயர் வாங்கியவன். பின்னால் மெக்கானிக் அண்ணன். மேகம் தலையில் இடிக்கிற உயரத்தில் தொங்கியது. கீழே தெருவெல்லாம் ஆறாகி, மரங்களின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

ஆஸ்பத்திரி கண்ணில் பட்டதும் நாரை சிரித்துவிட்டான். “பிரேக்கு, வரவேற்பு பலமா இருக்கு. வெள்ளை விரிச்சு வச்சிருக்காங்க பாரு!”

இறங்கும் இடம் தெளிவாகத் தெரியட்டும் என்று, வார்டு படுக்கை விரிப்புகளை எல்லாம் கொண்டுவந்து மாடி நிறையப் பரப்பியிருந்தார்கள். அவர்கள் நினைத்தது நல்லதுதான். ஆனால் அதுதான் ஆபத்து. ஹெலிகாப்டரின் காற்று கீழே அடித்து, சுவரில் மோதி, மேலே சுருண்டு திரும்பும். ஒரே ஒரு விரிப்பு அதோடு எழும்பி, மேலே சுழலும் இறக்கையில் சுற்றிக்கொண்டால் போதும், வண்டி மாடிமேலேயே விழும்.

“வேற யாராவது இதைப் பார்த்தா திரும்பிடுவாங்க மேடம்” என்றார் மெக்கானிக். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

“அவங்களை மாடிப்படி அறைக்குப் பின்னால பதுங்கச் சொல்லுங்கண்ணே. துணியை நானே எடுக்கிறேன்.”

“எப்படி?”

“ஊதித்தான்.”

மெக்கானிக் கதவில் தொங்கிக்கொண்டு கையை வீசி வீசி விரட்டினார். கூட்டம் ஒதுங்கியது. அவள் மாடிக்கு மேலே போகாமல், பக்கவாட்டில் தள்ளி, தண்ணீருக்கு மேல் வண்டியை நிறுத்தி, சுற்றுச்சுவர் ஓரமாக அங்குலம் அங்குலமாக நெருங்கினாள். காற்று மாடியைக் குறுக்கே வாரியது. விரிப்புகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மறுபக்கச் சுவரைத் தாண்டி வெள்ளத்தில் விழுந்தன. கடைசி விரிப்பு ஒரு கம்பியில் மாட்டி முரண்டு பிடித்தது. யாரோ ஒரு வார்டு ஆயா தவழ்ந்தே போய் அதைப் பிடுங்கித் தன் வயிற்றுக்கடியில் அமுக்கிப் படுத்துக்கொண்டார்.

“அந்தம்மாவுக்கு மெடல் குடுக்கணும்” என்றான் நாரை.

இனி மாடி. மெக்கானிக் தரையில் குப்புறப் படுத்து, தலையை வெளியே நீட்டி வழி சொன்னார். “முன்னால வாங்க… இன்னும்… இடது பக்கம் ஒரு கை… போதும். இறக்குங்க… தொட்டுடுச்சு. நிப்பாட்டுங்க!”

சக்கரம் தொட்டது. ஆனால் பாரம் மாடிமேல் இறங்கவில்லை. அதை இறக்கையே சுமந்துகொண்டு நின்றது. வேலையே இங்கேதான். ஓர் ஆள் ஏறினால் வண்டி அவ்வளவு கனக்கும். அந்தக் கனத்தை அவளுடைய இடது கை அதே நொடியில் நெம்புகோலை உயர்த்தி ஈடுகட்ட வேண்டும். குறைந்தால் மாடி இடியும். கூடினால் வண்டி எழும்பி, ஏறுகிறவர் அந்தரத்தில் தொங்குவார்.

“ஸ்ட்ரெச்சர் வருது… கனம்!” கை உயர்ந்தது. “டாக்டரம்மா… லேசு.” கொஞ்சம் உயர்ந்தது.

மூன்றாவதாக ஓர் அம்மாள் காலைத் தூக்கி வைத்தார். வலியில் கிடந்தவளின் மாமியார்.

“பெரியம்மா, நீங்க அடுத்த டிரிப்பு!” என்று மெக்கானிக் தடுத்தார்.

“அடுத்த டிரிப்பா? இது என்ன டவுன் பஸ்ஸா?”

“ஓட்டுறது பஸ் டிரைவர் மகதான்! நம்புங்க, திரும்ப வரும்!”

மாமியார் ஒரு கணம் முன்னால் எட்டி, தலைக்கவசத்துக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். எதைக் கண்டாரோ, காலை எடுத்துக்கொண்டார். மெக்கானிக் “போலாம் ரைட்!” என்றார். வண்டி எழுந்தது.

மேட்டுப் பகுதியில் இருந்த விளையாட்டு மைதானத்தில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. இறக்கிவிட்டு உடனே திரும்பினாள். அடுத்த டிரிப்பில் மாமியார், “முதல்ல படுத்தபடுக்கையா கிடக்கிறவங்களை ஏத்துங்க” என்று தானே ஒதுங்கி நின்றார். அதற்கடுத்த தடவையும் அப்படித்தான். கடைசியில் அவரும் விரிப்பைப் பிடித்த ஆயாவும் மாடி ஓரத்தில் நின்ற சில பேரும்தான் மிச்சம். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அவள் தோள்பட்டை கல்லாக இறுகியிருந்தது. மறுபடி சக்கரத்தை மாடியில் தொட வைத்தாள். அப்போது ரேடியோ கரகரத்தது.

“ஆபரேஷன் முடிஞ்சுது. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. பெண் குழந்தை.”

அவளால் கையை எடுக்க முடியாது, காலை எடுக்க முடியாது, திரும்பிக்கூடப் பார்க்க முடியாது. “அண்ணே, சொல்லுங்க!” என்றாள்.

மெக்கானிக் மாமியாரின் காதில் வாயை வைத்துக் கத்தினார். அந்த அம்மாள் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். செய்தி பக்கத்து ஆளுக்குப் போக, அங்கிருந்து அடுத்த ஆளுக்குப் போக, மாடியே துள்ளியது. இரைச்சலில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் திறந்த வாய்களும் உயர்ந்த கைகளும் மட்டும் தெரிந்தன.

“ஐயையோ, குதிக்காதீங்க! மாடி தாங்காது!” என்று மெக்கானிக் அலறினார்.

நாரை சிரித்த சிரிப்பில் ஹெட்போன் அதிர்ந்தது. “ஹெலிகாப்டர் பாரத்தைக்கூடத் தாங்கிடும் போல, பாட்டியான சந்தோஷத்தைத் தாங்காது!”

“பேசாம ரேடியோவைப் பாருடா” என்றாள். அவள் கன்னத்தில் ஈரம் வழிந்து மூக்கு நுனியில் நின்று அரித்தது. துடைக்கக் கை ஏது? நாரை அதைப் பார்த்து, தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டான்.

“ஆயாம்மா… லேசு. அடுத்தவர்… சுமார். இப்ப மாமியார் வர்றாங்க மேடம், தாராளமா குடுங்க!”

கொடுத்தாள். வண்டி அசையவில்லை. எல்லாரும் ஏறி முடித்ததும் மாடியிலிருந்து சக்கரம் பூ உதிர்வது போல் விலகியது. அவள் ரேடியோவை அழுத்தினாள்.

“மாடியில இனி யாரும் இல்ல சார். எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்.”

பதிலுக்குக் கமாண்டர் குரல் வரவில்லை. அவர் அறையில் இருந்த அத்தனை பேரும் ஆரவாரம் செய்கிற சத்தம்தான் வந்தது.