நூற்றைம்பத்தைந்து மீட்டர்

"சாலையைக் கவனிக்காமல் நான்தான் குறுக்கே சென்றேன்." இப்படி ஒரு வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து எடுத்து வந்திருந்தார் பஞ்சநாதன். என் அம்மா தையல்நாயகி அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, அதனால் இடது பெருவிரல் ரேகையே போதும் என்றார். எவ்வளவு கருணை!

மோதியவன் அவருடைய அக்கா மகன் செந்தில்குமார். போன சனிக்கிழமை காலை ஏழு மணி, மார்கழிப் பனி. அம்மா திருநள்ளாறு லாட்ஜில் அறை கூட்டும் வேலைக்குக் கிளம்பி, அம்பகரத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். எதிரே பைக்கில் வந்து இடித்தான். இப்போது எல்லோரும் காவல் நிலையத்தில், ஏட்டையாவின் மேசைக்கு முன்னால்.

"ரேகைய வச்சிட்டுப் போயிடலாம் கீர்த்தி," என்றாள் அம்மா. "அவசரத்துல நான்தான் பாக்காம போயிட்டனோ என்னவோ."

இடித்தவனுக்கு வராத சந்தேகம் இடிபட்டவளுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதை வைத்துக்கொண்டு இதைக்கூடக் கேட்காவிட்டால் எதற்கு?

"லைட்ட ஏன் போடல?"

பஞ்சநாதன் சிரித்தார். "விடிஞ்சப்பறம் எவம்மா லைட்டு போடுவான்? சூரியன் மறைஞ்சு அரை மணியிலேருந்து, உதிக்கறதுக்கு அரை மணி முன்னாடி வரைக்குந்தான் சட்டம். நாங்களும் விசாரிச்சிட்டுத்தான் வந்திருக்கோம்."

"பாதியிலேயே நிறுத்திட்டீங்க. நூத்தியம்பத்தஞ்சு மீட்டருக்கு முன்னால ஆளும் வண்டியும் தெளிவாத் தெரியலன்னா, எந்த நேரமா இருந்தாலும் லைட்டு போட்டே ஆவணும். அதே விதியில இருக்கு."

"புள்ள நல்லா வாய் வளத்திருக்கு," என்றார் ஏட்டையாவைப் பார்த்து.

அப்போதுதான் செந்தில்குமார் மாமாவுக்கு உதவ வந்தான். "கிட்ட வர்ற வரைக்கும் ஆளே தெரியல சார். அவ்ளோ பனி!"

பஞ்சநாதன் அவன் காலை மிதித்தார். தாமதம்.

ஏட்டையா பேனாவை வைத்தார். "பைக்கு எப்ப வாங்குன?"

"போன வருசம் சார்."

"அதுல இன்ஜின் ஓடுனாலே லைட்டு தானா எரியுமேடா. எப்படி எரியாமப் போச்சு?"

மெக்கானிக்கிடம் சொல்லித் தனியாக ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறான். காரணத்தையும் அவனே சொன்னான். "பகல்ல போனா எதிர்ல வர்றவன்லாம் லைட்டு எரியுதுன்னு கை காட்டுறான் சார். அசிங்கமா இருந்துச்சு."

அது உண்மைதான். விரல்களைக் குவித்து விரித்துக் குவித்துக் காட்டுவதில் எங்கள் ஊருக்கு நிகரில்லை. ஒரே பைக்கில் நான்கு பேர் போனால் யாரும் கை காட்டமாட்டார்கள். குடித்துவிட்டு வளைந்து வளைந்து வந்தால் ஒதுங்கி வழி விடுவார்கள். பகலில் விளக்கு எரிந்தால் மட்டும் ஊரே பதறும். அந்த ஊர் சிரிக்கக் கூடாது என்பதற்காக ஒருவன் என் அம்மாவின் கையை உடைத்திருக்கிறான்.

ஏட்டையா வாசலுக்குப் போய், அங்கே நின்ற பைக்கை ஸ்டார்ட் செய்தார். விளக்கு எரியவில்லை. சுவிட்சைத் தட்டினார். பதினோரு மணி வெயிலில் பளிச்சென்று எரிந்தது.

பஞ்சநாதனால் பொறுக்க முடியவில்லை. "சார், அணைச்சிடுங்க சார். பட்டப்பகல்ல பேட்டரி வீணாவுது."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அந்தத் தட்டச்சுத் தாளை இடது கையால் அவர் பக்கம் தள்ளினாள்.

"ஏட்டையா, வேற தாள் எடுங்க. நான் ஓரமாத்தான் நடந்தேன். சொல்றேன், எழுதிக்குங்க."