ஒடித்த கிளை

பொழுது புலர்ந்ததும், வேட்டைக்குக் குழி வெட்டும் குழிக்காரர் மேட்டில் ஏறிப் பார்த்தார். நேற்றுவரை ஆள் உயரப் புதர் நின்ற இடம், குதறிப் போட்டதுபோல் கிடந்தது.

ஏரிக்கரையில் நகரம் வரப்போகிறதாம். அதற்கு முன்னால் சாலை. புதர் வெட்ட நாளைதான் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இன்று தன் குழிகளை மண் தள்ளி மூடிவிடலாம் என்றிருந்தார். அவசரக்குடுக்கைகள், நேற்று சாயங்காலமே வந்து வெட்டிவிட்டார்கள்!

அந்தக் காட்டில் அப்போது விலங்குக்குப் பஞ்சமில்லை. மான்கள் தண்ணீருக்கு இடித்துக்கொண்டு நிற்கும். பன்றிகள் பட்டாளமாக வரும். துப்பாக்கி எதற்கு? தடத்தில் குழி வெட்டி, அடியில் கூர்முளை நட்டு, மேலே தழை மூடினால் போதும். மனிதர் விழாதிருக்க ஓர் அடையாளம் உண்டு. பக்கத்துச் செடியில், மார்பு உயரத்தில், ஒரு கிளையைப் பாதி ஒடித்துத் தொங்கவிடுவார்கள். கிளை தொங்கும் பக்கம் குழி. மறுபக்கம் ஒதுங்கிப் போகவேண்டும்.

இப்போதோ, வெட்டியவர்கள் அரைகுறையாக விட்ட செடிகளில் எல்லாம் ஒடிந்த கிளைகள் தொங்கின.

"மேஸ்திரி! சாலைக்கு அளக்குற ஆளுங்க எங்கே?"

"ஏன் இப்படித் தலைதெறிக்க ஓடி வர்றீங்க? உங்க மாப்பிள்ளைதான் முன்னாடி போறார். 'மாமா போட்ட குழி எனக்கு அத்துப்படி'ன்னு ஒரே பீத்தல்."

தூரத்தில், தோளில் அளவுச் சங்கிலியோடு மருமகன் தெரிந்தான்.

"மாப்பிள்ளே! அப்படியே நில்லுங்க! கிளையை நம்பாதீங்க!"

அவன் திரும்பிச் சிரித்தான். "உங்க பொண்ணுகிட்டயே தப்பிச்சவன் மாமா நான்! குழியா என்னை முழுங்கும்? இதோ, கிளை இடது பக்கம் தொங்குது. நான் வலது பக்கம்..."

ஒதுங்கினான். தரை வாயைத் திறந்தது.

அங்கிருந்த குழியின் நிஜ அடையாளத்தை அரிவாள் நேற்றே கொண்டுபோயிருந்தது. பின்னால் வந்தவர்களுக்குக் கிளையும் தெரியாது, ஒன்றும் தெரியாது. நேராக நடந்து வந்தவர்கள் விளிம்பில் திகைத்து நின்றார்கள்.

குழிக்காரர் சரிந்து இறங்கினார். முளை விலாவுக்குக் கீழே ஏறியிருந்தது. எத்தனை பன்றிகளை இப்படிப் பார்த்திருப்பார்! பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

"மாமா... நான் சரியாத்தானே ஒதுங்கினேன்?"

"சரியாத்தான் ஒதுங்கினீங்க மாப்பிள்ளே. நூத்துக்கு நூறு சரி."

"அப்புறம் ஏன்..."

"பேசாதீங்க."

மேலிருந்து மேஸ்திரி குனிந்து கத்தினார். "கயிறு போடட்டுமா? தூக்கிடலாம்!"

குழிக்காரர் தலையை ஆட்டி மறுத்தார். முளையிலிருந்து எடுத்த நொடியே உயிர் போய்விடும். மருமகனின் அக்குளுக்கடியில் தோளைக் கொடுத்தார். பாரம் முழுவதையும் தன்மேல் வாங்கிக்கொண்டார்.

"கயிறு வேண்டாம்," என்றார் தணிந்த குரலில். "என் பொண்ணை ஓடி வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் தாங்கிப் பிடிச்சுக்கிறேன்."