ரெண்டு பக்கமும் பத்த வைக்கணும்

நகரியில் அந்தத் தறிக்கொட்டகையின் இடது வரிசை நாகபூஷணத்துடையது, வலது வரிசை அவர் தம்பி வேதாச்சலத்துடையது. நூல் அறுந்தால் தறி தானாக நிற்பதற்கு இரண்டு வரிசைக்கும் சேர்த்து ஒரே சர்க்யூட் போர்டு. ஸ்ரீசிட்டியில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு மாடியில் குடியிருக்கும் ஹேமநாத் வீட்டிலேயே செய்து மாட்டியது. மாட்டியதிலிருந்து தம்பியின் தறிகள் மட்டும் நூல் அறாமலே நின்றன.

“உங்க தறி ஓடிக்கினே கீது, எங்களுது மட்டும் நிக்குது. இதுக்கு இன்னா அர்த்தம் அண்ணி?” என்றான் வேதாச்சலம்.

“எனக்கு இன்னாப்பா தெரியும்?” என்றாள் நாகபூஷணத்தின் மனைவி துர்காதேவி.

“தெரியாதுதான். நாளைக்கி டெம்போ வருது. என் தறிய ஏத்திக்கினு புத்தூர் போறேன்.”

பாதித் தறியை வைத்துக்கொண்டு கொட்டகையை நடத்த முடியாது. போர்டு மாட்டியவனையே கேட்டுவிடலாம் என்று துர்காதேவி மாடி ஏறினாள். கதவு ஒருக்களித்திருந்தது. ஹேமநாத் போனில் இருந்தான்.

“ஆமா தரணி, தப்பு என்னிதுதான். அண்ணன் பக்கம் நல்லா பத்திக்கிச்சு. தம்பி பக்கம் பத்த வைக்கவே இல்ல. ஒரு பக்கம் போதும்னு நெனச்சிட்டேன். ரெண்டு பக்கமும் பத்த வைக்கணும். டெம்போ வர்றதுக்குள்ள முடிச்சிட்றேன்.”

வந்த சுவடு தெரியாமல் இறங்கி, கொட்டகையில் இருந்த அண்ணன் தம்பி இருவரிடமும் கேட்டதைச் சொன்னாள்.

“நம்ம சோத்தத் துன்னுக்கினு நம்மளயே பத்த வச்சிக்கினு கீறான்!”

“யாரு, அந்த ஸ்ரீசிட்டிக்காரனா?” என்றார் நாகபூஷணம். “சிரிச்சிக்கினே பேசும்போதே நெனச்சேன்.”

“நீ எங்க நெனச்ச? குடி வச்சதே நீதான்,” என்றான் வேதாச்சலம். அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசி வெகுநாளாகியிருந்தது.

ஹேமநாத் இறங்கி வந்தான்.

“கையில இன்னாடா அது?” என்றார் நாகபூஷணம்.

“சால்டரிங் அயர்ன்ணா. பத்த வைக்கறது.”

“வெக்கமில்லாம சொல்றான் பாரு!”

“அய்யோ அக்கா, போன்ல பேசினத கேட்டுட்டீங்களா? போர்டுல ஈயம் பத்த வைக்கறதச் சொன்னேன்.” அவன் மெயினை அணைத்துப் போர்டைக் கழற்றினான். “கம்பெனி போர்டுல கம்பிக்கால் போற ஓட்டைக்குள்ளயே செம்பு பூசியிருக்கும். கீழ ஈயம் வச்சா மேல வரைக்கும் ஏறிக்கும். வீட்டுல செஞ்சா வெறும் ஓட்டைதான். மேல் பக்கமும் தனியா வைக்கணும். கம்பெனிப் பழக்கத்துல கீழ மட்டும் வச்சிட்டேன். அண்ணன் லைன் கீழ ஓடுது, உங்க லைன் மேல. சும்மா தொட்டுக்கினு இருந்துச்சு. தறி அதிர்ந்தா விட்டுப் போவுது.”

“என் லைன ஏன் மேல வச்ச?” என்றான் வேதாச்சலம்.

“எதனா ஒண்ணு மேல வரணுமில்லண்ணா.”

“அது ஏன் என்னிது?”

ஹேமநாத் ஒவ்வொரு காலுக்கும் மேலேயும் ஈயம் வைத்தான். புகை எழுந்தது. மாட்டி மெயினைப் போட்டான். இரண்டு வரிசையும் ஓடின. வேதாச்சலம் தானே ஒரு நூலை அறுத்தான். அந்தத் தறி நின்றது. முடிச்சுப் போட்டான், ஓடியது. அப்புறம் நிற்கவே இல்லை. அவன் வெகுநேரம் காது கொடுத்துக்கொண்டிருந்தான். பிறகு டெம்போக்காரனுக்குப் போன் போட்டான்.

“சாய்குமார், நாளைக்கி வாணாம்... இல்லப்பா, வரவே வாணாம்னு சொல்லல. நாளைக்கி வாணாம்னேன்.”

நாகபூஷணம் தறியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். துர்காதேவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஹேமநாத்து, அந்த மேல் பக்கம் இன்னொரு தடவ ஈயம் வச்சிட்டுப் போப்பா.”