காலைப் பிடித்தவர்

பட்டாளத்தை விட்டு வந்த பிறகும் நண்பர்கள் அவரை ‘ஸ்டியரிங்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஒரு மலைப்பாதையில் முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் ஏறிக் கவிழ்ந்தது. அதில் இருந்தவர்களை இழுத்துப் போட இறங்கி ஓடினார். அந்த நேரம் பார்த்துப் பாறை மறைவிலிருந்து துப்பாக்கிகள் படபடக்க ஆரம்பித்தன. கவிழ்ந்த வண்டிக்கு அடியில் புகுந்து மல்லாந்து படுத்தார். இரும்புக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. சத்தம் ஓய்ந்து, ஆட்கள் வந்து இழுத்தெடுக்கும்வரை அப்படியே கிடந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் “ஆயுசு கெட்டி” என்றார்கள்.

ஆயுசு கெட்டிதான். தூக்கம்தான் கெட்டுப்போயிற்று.

ஓய்வு பெற்று வந்தபின் செடி விற்கும் நர்சரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். செடிகள் கதவை அறைந்து சாத்தாது, பின்னாலிருந்து தோளைத் தட்டாது. வீட்டில் ஒரு தட்டு கீழே விழுந்தால் போதும், மனிதர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார். அப்புறம் அந்த வெட்கத்தில் மனைவி மேல் எரிந்து விழுவார். அவள்தான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாக மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனாள். மாத்திரை கொடுத்த மருத்துவர், “இதோட உங்களை மாதிரி ஆளுங்ககிட்டயும் கொஞ்சம் பேசுங்க” என்று ஒரு விலாசமும் சொல்லி அனுப்பினார்.

சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னாள் ராணுவத்தினர் சிலர் அங்கே கூடுவார்கள். வட்டமாக உட்கார்ந்தால் யாராவது ஒருவருக்குக் கதவு முதுகுப்பக்கம் வந்துவிடும். அது அங்கே யாருக்கும் ஆகாது. அதனால் எல்லா நாற்காலியும் ஒரே சுவரோரம், முடிவெட்டக் காத்திருக்கிறவர்கள் மாதிரி வரிசையாக இருக்கும். முதல் நாள் அந்த வரிசையைப் பார்த்ததுமே ஸ்டியரிங்குக்குப் பாதி உயிர் வந்தது.

அறையை நடத்துகிறவர் ராணுவச் சமையல்காரராக இருந்தவர். உடம்பும் குரலும் பெரிதென்பதால் ‘அண்டா’ என்று பெயர். கடைசி நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தவர், பெயர் ‘வயர்லெஸ்’. வாரம் தவறாமல் வருவார், எல்லாவற்றையும் கேட்பார், வாய் மட்டும் திறக்க மாட்டார். “நம்ம வயர்லெஸ் வாங்குவான், அனுப்ப மாட்டான்” என்பார் அண்டா. அதற்கும் அவர் லேசாகச் சிரித்துவைப்பார், அவ்வளவுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஸ்டியரிங்கின் முதுகு மக்கர் செய்தது. மண் நிரப்பிய தொட்டிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு இடது கால் மரத்தது. கடைசியில் நடக்கும்போது பாதம் தரையில் இழுபட ஆரம்பித்தது. முதுகெலும்பை ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் ஒன்றும் செய்ய முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஸ்கேன் அறையில் இருந்தது ஒரு குழாய். மல்லாக்கப் படுக்க வைத்து உள்ளே தள்ளினார்கள். மூக்குக்கு மேலே ஒரு சாண் இடைவெளி. இயந்திரம் படபடவென்று சுட ஆரம்பித்தது. அடுத்து அவருக்கு நினைவு வந்தபோது ஆஸ்பத்திரி அங்கியோடு நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தார். மனைவி பின்னாலேயே செருப்பையும் சட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

ஊசி போட்டுத் தூங்க வைத்து எடுக்கலாம் என்றார்கள். அதற்கு அவர் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். கனவு வந்தால் விழித்துத் தப்பிப்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வழி. அந்த வழியையும் அடைத்துவிட்டால்? இன்னொரு முறை முழு விழிப்போடு போய்ப் பார்த்தார். அறை வாசல்வரைகூடக் கால் போகவில்லை.

வீட்டுக்கு வந்திருந்த மச்சான் விஷயம் கேட்டு, “ஒரு மெஷினுக்கே இந்த பயமா? இவர் எப்படித்தான் பட்டாளத்துல குப்பை கொட்டினாரோ!” என்று சிரித்தான். அக்காள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். “நீ ஒரு தடவை அந்த லாரிக்கு அடியில படுத்துட்டு வா. அப்புறம் பேசலாம்” என்றாள். மச்சான் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தான். ஸ்டியரிங் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடி அறையில் அவர் அதைச் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. “தைரியமா இருங்க” என்றும் யாரும் சொல்லவில்லை.

அண்டா மட்டும் தொண்டையைச் செருமினார். “உள்ள போறப்போ கால் வெளியதான இருக்கும்?”

“ஆமாண்ணே. முழங்காலுக்குக் கீழ வெளிய இருக்கும்.”

“அப்ப நான் வரேன். காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இத்தனை வருஷ சர்வீஸ்ல பதவி உயர்வுக்குக்கூட எவன் காலையும் பிடிக்காதவன்டா நான். உனக்காகப் பிடிக்கிறேன்.”

அறையே சிரித்தது. ஸ்டியரிங்கும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குறித்த நாளில் மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், வரவேற்பறை பெஞ்சில் அண்டாவோடு வயர்லெஸும் உட்கார்ந்திருந்தார். “கூட வரியான்னு கேட்டேன், தலையாட்டினான்” என்றார் அண்டா.

ஸ்கேன் எடுக்கும் பெண் பொறுமைசாலி. அவர் அங்கியோடு ஓடிய பழைய கதை அவளுக்கும் தெரியும். துணைக்கு ஒருவர் உள்ளே நிற்கலாம், தப்பில்லை என்றாள். “ஆனா உடம்புல இரும்பு எதுவும் இருக்கக் கூடாது சார். பெரிய காந்தம் இது, இழுத்துடும்.”

அண்டாவின் முகம் தொங்கிப்போனது. அவர் தொடையில் குண்டுச் சிதறல்கள் இன்னும் குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தன. “சின்னச் சின்னத் துண்டுதாம்மா...” என்று இழுத்துப் பார்த்தார். அவள் முடியாது என்று தலையை அசைத்துவிட்டாள்.

ஸ்டியரிங் மனைவியைப் பார்த்தார். அவளை அனுப்பலாமா என்று நினைத்தார். ஆனால் உள்ளே தன்னை மறந்து உதைத்துவிட்டால் என்ன செய்வது? அவளை அந்த நிலையில் தன் பக்கத்தில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. “விடுங்கண்ணே, இன்னொரு நாள் பார்க்கலாம்” என்று வாசல் பக்கம் திரும்பினார்.

அப்போது பக்கத்தில் ஏதோ கலகலவென்று விழும் சத்தம். வயர்லெஸ் தன் கைக்கடிகாரத்தையும் சாவிக்கொத்தையும் பிளாஸ்டிக் தட்டில் போட்டுவிட்டு, இடுப்பு பெல்ட்டை உருவிக்கொண்டிருந்தார்.

“எனக்குள்ள இரும்பு இல்ல” என்றார் அந்தப் பெண்ணிடம்.

ஸ்டியரிங் அவர் குரலை அன்றைக்குத்தான் முதலில் கேட்டார்.

உள்ளே படுத்ததும் காதுக்கு அடைப்பான் வைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள் அந்தப் பெண். முடியாவிட்டால் அதை அமுக்க வேண்டும், உடனே வெளியே எடுத்துவிடுவாள். பலகை உள்ளே நகர்ந்தது. வெள்ளைக் கூரை முகத்துக்கு மேலே வந்து நின்றது. இரும்பு, மண், எரியும் டயர் நாற்றம். எல்லாம் வரிசை கட்டி வந்தன. இயந்திரம் சுட ஆரம்பித்தது. ஸ்டியரிங்கின் விரல்கள் பந்தை இறுக்கப் போயின.

அப்போது பாதத்தில் ஒரு பிடி விழுந்தது. இரண்டு கைகள் அவர் வலது பாதத்தைச் சேர்த்துப் பிடித்தன. இயந்திரம் படபடக்கும்போது அந்தப் பிடி இறுகும், ஓயும்போது சற்றுத் தளரும், ஆனால் விடாது. அன்றைக்கு லாரிக்கு அடியில் கிடந்தபோது அவர் காலை யாரும் பிடிக்கவில்லை. அங்கே அவர் தனி. அப்படியானால் இது அந்த இடம் இல்லை. கைகள் இருக்கிற இடம் வேறு இடம். இதை அவர் தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். பயம் போகவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் பந்தை அவர் அமுக்கவில்லை.

பலகை வெளியே வந்தது. “முடிஞ்சிருச்சு சார், படம் நல்லா வந்திருக்கு” என்றாள் அந்தப் பெண். எழுந்து உட்கார்ந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலடியில் நின்றிருந்த வயர்லெஸின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கைகள் இன்னும் பாதத்தை விடவில்லை. அந்தச் சத்தம் அவரையும்தானே பழைய இடத்துக்கு இழுத்துப் போயிருக்கும்! படுத்திருந்தவருக்காவது அமுக்க ஒரு பந்து இருந்தது. நின்றவருக்கு அதுவும் இல்லை.

கைத்தாங்கலாக ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். யார் யாரைத் தாங்கினார்கள் என்று கேட்டால் சொல்ல முடியாது. ஸ்டியரிங்கின் மனைவி ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். தன் கணவருக்கு அல்ல, முதலில் வயர்லெஸுக்கு. “குடிங்க தம்பி. மெதுவா.”

அவர் பாதியைக் குடித்து, மீதியை முகத்தில் ஊற்றிக்கொண்டார்.

“உங்களுக்கும் இவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சிருந்தா நான் விட்டிருக்கவே மாட்டேனே தம்பி” என்றார் ஸ்டியரிங்.

வயர்லெஸ் பெஞ்சில் சாய்ந்து மூச்சு வாங்கினார். “சத்தம் ஆரம்பிச்சதுமே ஓடத்தாண்ணே பார்த்தேன். கையில உங்க கால் இருந்துச்சு. போட்டுட்டு எப்படி ஓடறது? அதான் நின்னுட்டேன்.” சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இவ்வளவு நேரம் நான் எங்கயும் நின்னதில்ல” என்றார்.

அண்டா சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். “ஏசி ஒத்துக்கல” என்றார். அந்த வராந்தாவில் மின்விசிறிகூட ஓடவில்லை.

வெளியே வந்து நால்வரும் தெருமுனைக் கடையில் தேநீர் குடித்தார்கள். ஸ்டியரிங் நன்றி சொல்லப் பலமுறை வாயெடுத்தார். கடைசியில் வயர்லெஸின் கோப்பையை வாங்கிக் கழுவி வைத்தார். கடைக்காரர் வித்தியாசமாகப் பார்த்தார்.

முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை நெரிப்பது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. சின்ன அறுவை சிகிச்சை, அப்புறம் உடற்பயிற்சி. பாதம் மெல்ல மெல்ல உயிர் பெற்றது. அவர் படுத்திருந்த நாட்களில் நர்சரி வேலை போய்விடுமோ என்று மனைவி கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். நர்சரி முதலாளியே போன் செய்தார்.

“உங்க ஆளுங்க தினம் ரெண்டு பேர் வந்து தொட்டி தூக்குறாங்கம்மா. வேலை நல்லா நடக்குது. ஒரே ஒரு தொல்லைதான். அந்தக் குண்டு மனுஷரைக் கள்ளிச்செடிப் பக்கம் மட்டும் விட வேண்டாம்னு சொல்லுங்க. பாசத்துல தண்ணியா ஊத்தி அத்தனையையும் அழுக வெச்சுட்டாரு.”

மனைவி சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். கட்டிலில் கிடந்த ஸ்டியரிங் சிரித்தால் முதுகுத் தையல் வலிக்குமென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அப்படியும் அடக்க முடியவில்லை. சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவருக்கே தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைக் கோதினாள்.

“அந்த மலைப்பாதையில என்ன நடந்துச்சுன்னு உன்கிட்ட முழுசா சொன்னதே இல்ல, இல்லையா?” என்றார்.

“இல்ல.”

“சொல்லட்டுமா?”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கட்டிலோரம் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவர் சொல்ல ஆரம்பித்தார்.